மடுவின் மேல் பிறந்த பிள்ளை

என் கணவர் ஈப்போவில் நில அளவை அலுவலகம் ஒன்றில் வரைபடம் வரையும் வேலையில் இருந்தவர். மலேசியாவின் பாதி ஆறுகளைத் தன் கையால் வரைந்திருக்கிறார். ஒன்றில்கூடக் கால் நனைத்ததில்லை. ஓய்வு பெற்ற கையோடு பினாங்குக்குப் போனவர், ஒரு பழைய சாமான் கடையிலிருந்து மூன்று வரைபடங்களோடு திரும்பி வந்தார். யாரோ ஒரு வெள்ளைக்கார சர்வேயரின் பெட்டியிலிருந்து வந்தவையாம். மூன்றிலும் ஒரே இடம்தான்: தென்பெண்ணை ஆற்றின் இரண்டு கரையிலும் எதிரெதிராக இருக்கும் சின்னத்துறை, ஆவாரங்காடு என்ற இரண்டு சிற்றூர்கள். வீடு, கிணறு, புளியமரம், ஆற்று நடுவில் இருக்கும் பாறை எல்லாம் அதில் இருந்தன.

"போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்றார், ஏதோ பக்கத்துத் தெரு போல. எனக்குக் காஞ்சிபுரத்தில் புடவை எடுக்க வேண்டும் என்று வெகுநாள் ஆசை. முதலில் ஆறு, பிறகு புடவை என்று பேசி முடித்தோம். எண்பதுகளின் நடுவில் ஒரு புரட்டாசி மாதம் அது.

முதல் நாளையே சேலத்தில் தொலைத்தோம். வரைபடத்தின் தலையில் 'சேலம் ஜில்லா' என்று இருந்தது. அதனால் சேலத்துக்குத்தான் போக வேண்டும் என்று இவர் பிடிவாதம் பிடித்தார். அங்கே ஒரு அலுவலகத்தில் குமாஸ்தா ஒருவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "தருமபுரி தனி ஜில்லாவாப் போயி எத்தனையோ வருசம் ஆச்சுங்க. நீங்க சொல்ற ஊரு அங்க இருக்குது."

"ஆனால் இதில் சேலம் என்று போட்டிருக்கிறதே" என்றார் இவர்.

"அப்ப நீங்க அந்தக் காலத்துக்குத்தான் போவணும். அதுக்கு இங்க இருந்து பஸ் இல்லீங்க."

மறுநாள் பாசஞ்சர் ரயிலில் பொம்மிடி வந்து இறங்கினோம். வரைபடங்கள் ஒரு நீளமான தகரக் குழாயில் இருந்தன. ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த விவசாயி சேலத்திலிருந்தே அதை முறைத்துப் பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கேட்டும்விட்டார்: "துப்பாக்கிங்களா?" வரைபடம் என்று சொன்னதும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வேறு பெட்டிக்கு மாறிவிட்டார்.

பொம்மிடியிலிருந்து ஏறிய பேருந்தில், குழாய் ஐந்து வயதுப் பிள்ளையைவிட உயரமாக இருக்கிறது, எனவே அதற்கு அரை டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர் சொன்னார். இவர் சட்டம் பேசினார். நான் டிக்கெட் எடுத்தேன். டிக்கெட் எடுத்துவிட்டதால் குழாய்க்கு உட்கார இடம் வேண்டும் என்று இவர் அடுத்து வாதாடினார். குழாய் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தது, நாங்கள் நின்றுகொண்டு வந்தோம். நடுவழியில் ஓட்டுநர் ஒரு களத்தோரம் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். அது அவருடைய மச்சான் வீடு. டீ குடித்துவிட்டுக் கை நிறைய அவித்த நிலக்கடலையோடு வந்து, முன்வரிசைக்காரர்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். ஈப்போவில் இப்படிச் செய்தால் பயணிகள் புகார் எழுதுவார்கள். இங்கே பின்வரிசைக்காரர்கள்தான் குறைப்பட்டுக்கொண்டார்கள், தங்களுக்குக் கடலை வரவில்லை என்று.

கம்பைநல்லூரில் ஜப்பார் பாய் காத்திருந்தார். ஈப்போவில் எங்கள் தெருமுனையில் சாப்பாட்டுக்கடை வைத்திருப்பவரின் ஒன்றுவிட்ட தம்பி. புளி மண்டி வைத்திருந்தார். மண்டிக்குப் பின்னால்தான் வீடு. கூடத்தில் புளி, மாடிப்படியில் புளி, எங்களுக்குக் கொடுத்த அறையிலும் கட்டிலுக்கடியில் புளி மூட்டை. இரண்டே நாளில் என் புடவைத் தலைப்பை முகர்ந்தாலே வாய் ஊறத் தொடங்கியது. அவர் மனைவி சைனம்பு வைத்த ஆட்டுக்கறிக் குழம்பைப் பற்றி மட்டும் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம். இவர் அதைச் சாப்பிட்டுக்கொண்டே வரைபடத்தை விரிக்கப் பார்த்தார். சைனம்பு அதை வாங்கிச் சுருட்டிக் குழாயில் போட்டு, "சோத்துக்கு முன்னால காயிதம் வேணாங்கண்ணா" என்றார். ஈப்போவில் நான் பல வருஷமாகச் சொல்லியும் நடக்காத காரியம் அது.

மறுநாள் காலையில் பாயின் மொபெட்டில் இவரும் குழாயும், வாடகை சைக்கிளில் நானுமாகச் சின்னத்துறைக்குப் போனோம். ஊருக்குள் நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. ஒருத்தி ஓடிப்போய் வாய்க்கால் புறம்போக்கில் கட்டியிருந்த ஆடுகளை அவிழ்த்தாள். ஒரு ஆள் வேலியோரத்து எல்லைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போனான். போன கோடையில் யாரோ அளவுச் சங்கிலியோடு வந்து போனார்களாம். அதிலிருந்து குழாய், சங்கிலி, கண்ணாடி போட்ட ஆள் எதைக் கண்டாலும் ஊர் இப்படித்தான் ஆகிவிடுகிறது என்று பாய் சொன்னார்.

ஆற்றோரத்தில் பரிசல்காரர் திம்மப்பா கவிழ்த்துப்போட்ட பரிசலின் மேல் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டில் கன்னடம் பேசுவார்கள். எங்களைப் பார்த்ததும் மனைவியிடம் ஏதோ சொன்னார். பாய் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: "இந்த ஆளு ஆத்த அளந்து விக்க வந்திருக்கான், நம்ம பரிசல மறைச்சு வையின்னு சொல்றாரு."

இவருக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. ஆற்றைப் பார்த்து நின்றுவிட்டார். நடுவில் கறுப்பாக ஒரு பாறை, யானை முதுகு போல. அதையொட்டி ஆழமான மடு. தண்ணீர் அங்கே மட்டும் பச்சையாக, சத்தமில்லாமல் சுழன்றது. "இருக்கிறது பார், வரைந்த இடத்திலேயே இருக்கிறது" என்றார் என்னிடம். பாறை வேறு எங்கே போகும் என்று கேட்க நினைத்தேன். அவர் கண் கலங்கியிருந்ததால் கேட்கவில்லை.

வரைபடத்தை மணலில் விரித்ததும் ஊரே வந்துவிட்டது. இது விற்பதற்கான காகிதம் இல்லை, அவர்கள் பாட்டன் காலத்து ஊர்ப்படம் என்று பாய் எடுத்துச் சொன்னார். உடனே எல்லாருக்கும் அவரவர் வீடு அதில் வேண்டும். இல்லாதவர்கள் சண்டைக்கு வந்தார்கள். "அந்தக் கெணறு எங்களுது. அதுக்குப் பக்கத்துல எங்க வூடு இருந்திருக்கும், வெள்ளக்காரன் கவனிக்கல" என்றார் ஒருவர். இவர் ஒவ்வொருவருக்கும் மரியாதையாக மன்னிப்புக் கேட்டார், ஏதோ தானே விட்டுவிட்டது போல.

மத்தியானம் திம்மப்பா வீட்டில் சோறு. காலையில் எங்களுக்குப் பயந்து பரிசலை ஒளித்து வைக்கச் சொன்னவர், இப்போது சாப்பிடாமல் விட மாட்டேன் என்றார். ராகிக் களி. நான் மென்றேன். வீடு முழுக்கச் சிரித்தது. "மெல்லக் கூடாதுங்க, முழுங்கணும்" என்று அவர் மனைவி ஒரு உருண்டையைக் குழம்பில் தோய்த்து விழுங்கிக் காட்டினாள். நானும் விழுங்கினேன். அது போகிற வழி முழுவதும் எனக்குத் தெரிந்தது. நான்காவது உருண்டையில் பழகிவிட்டது, ஐந்தாவதை நானே கேட்டு வாங்கினேன்.

கை கழுவிக்கொண்டிருந்தபோது ஒரு இளம்பெண் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். பெயர் மல்லிகா. அக்கரையில் ஆவாரங்காட்டில் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை. வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு வடநாட்டுக்குப் போனவர், வருஷத்துக்கு இருமுறை வருவார்.

"சார், நீங்க எந்த ஆபீசுங்க?" என்று கேட்டாள்.

"நான் ஓய்வு பெற்றவன் அம்மா. மலேசியாவிலிருந்து வருகிறேன்."

"மலேசியா ஆபீசுங்களா" என்று அவள் ஒருமுறை தலையாட்டிக்கொண்டாள். "அப்ப நீங்கதான் சரி. எங்க ஊரு ஆபீசருங்க கேக்க மாட்டேங்கறாங்க."

குழந்தையைக் காட்டினாள். "இவ பேரு கங்கா. போன வருசம் ஐப்பசி வெள்ளத்துல எனக்கு நோவு கண்டு, பரிசல்ல ஏத்தி ஆசுபத்திரிக்குக் கூட்டியாந்தாங்க. பாதி ஆத்துலயே பொறந்துட்டா. இக்கர வி.ஏ.ஓ. 'எங்க கரைய வந்து சேரறதுக்கு முன்னாலயே பொறந்துடுச்சு, எழுத முடியாது'ங்கறாரு. அக்கர வி.ஏ.ஓ. 'எங்க கரைய வுட்டுக் கெளம்பினப்பறந்தான பொறந்துச்சு'ங்கறாரு. பொறந்த எடம் எந்த ஊரோ அந்த ஊர்லதான் எழுதணுமாம். வருசம் திரும்பிட்டா கோர்ட்டுக்குப் போவணும்னு சொல்றாங்க. இன்னும் கொஞ்ச நாள்தானுங்க இருக்குது."

"எழுதாவிட்டால் என்ன?" என்று நான் கேட்டேன். ஏன் கேட்டோம் என்று ஆகிவிட்டது.

"என் தம்பி பட்டாளத்துக்கு ஆளெடுக்கப் போனானுங்க அக்கா. ஓட்டத்துல மொத ஆளா வந்தான். வயசுக்கு அத்தாட்சி இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப செங்கச் சூளையில கெடக்கறான். இவளுக்கு அப்புடி ஆவக் கூடாது."

இவர் ஏற்கெனவே குழாயைத் திறந்துவிட்டார். இரண்டு ஊர்களின் எல்லைக்கோடு ஆற்றுக்குள் எங்கே போகிறது என்பது வரைபடத்தில் துல்லியமாக இருந்தது. குழந்தை பிறந்த இடம் தெரிந்தால் போதும், எந்த ஊர் என்று சொல்லிவிடலாம் என்றார். ஆசிரியர் கேட்ட கேள்விக்குத் தனக்கு மட்டும் விடை தெரிந்த மாணவன் முகம் அவருக்கு.

மறுநாள், இரண்டு அதிகாரிகளையும் பாய் எப்படியோ ஆற்றங்கரைக்கு வரவழைத்துவிட்டார். இருவருமே பரீட்சை எழுதி வேலைக்கு வந்த இளைஞர்கள். இக்கரை அதிகாரி மெலிந்தவர், அக்கரை அதிகாரி மீசைக்காரர். பார்க்க இருவரும் நல்லவர்கள்தான். வேலை தன் தலையில் விழாமல் மற்றவர் தலையில் விழ வேண்டும் என்பதைத் தவிர இருவருக்கும் வேறு கெட்ட எண்ணம் கிடையாது.

"குழந்த பொறந்த எடத்தக் காட்டட்டும், பாப்போம்" என்றார் மீசைக்காரர்.

எனவே எல்லாரும் பரிசலில் ஏறினோம். திம்மப்பா துடுப்போடு, மல்லிகா குழந்தையோடு, இவர் வரைபடத்தோடு, நான் இவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு. அதிகாரிகள் இருவரும் இன்னொரு பரிசலில் வந்தார்கள். ஈப்போவில் நான் படகில் போயிருக்கிறேன். படகுக்கு முன்பக்கம் பின்பக்கம் உண்டு. பரிசலுக்கு எந்தப் பக்கமும் கிடையாது. அது நினைத்தபோது சுழலும்.

நடு ஆற்றை நெருங்கியதும் இவர் கேட்டார்: "எந்த இடத்தில் பிறந்தது அம்மா?"

"நானு வலியில கெடந்தனுங்க. கர எது தண்ணி எதுன்னே தெரியல."

"ஏதாவது கண்ணில் பட்டதா?"

மல்லிகா யோசித்தாள். குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு, ஞாபகம் வரட்டும் என்று பரிசலுக்குள் மல்லாந்து படுத்துப் பார்த்தாள். "கால்மாட்டுல எங்க ஊரு கோயில் கோபுரம் தெரிஞ்சுதுங்க." இவர் ஆவலோடு குறித்துக்கொண்டார். அதற்குள் பரிசல் அரைச் சுற்றுச் சுற்றியது. "இப்பத் தலமாட்டுல தெரியுதுங்க" என்றாள். இவர் குறித்ததை அழித்தார்.

"திம்மப்பா, நீங்கள் பார்த்தீர்களா?"

"நான் எப்புடிங்க பாக்கறது? பொம்பள விசயம். கண்ண இறுக்கி மூடிக்கிட்டுத்தான் துடுப்புப் போட்டேன்."

பக்கத்துப் பரிசலில் மெலிந்தவர் திடுக்கிட்டார். "வெள்ளத்துல கண்ண மூடிக்கிட்டா?"

"அதனாலதாங்க பாறையில போயி இடிச்சேன்" என்றார் திம்மப்பா. "இடிச்ச இடியில கொழந்த வீல்னு கத்துச்சு."

"ஆமாங்க" என்று மல்லிகா எழுந்து உட்கார்ந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "இடிச்சுதான். அந்த அதிர்ச்சியிலதான் பொறந்தா."

இவர் பெருமூச்சு விட்டார். பாறை வரைபடத்தில் இருந்தது. எல்லைக்கோடு அதன் மேலேயே போனது. திம்மப்பா பாறையை ஒட்டிப் பரிசலை நிறுத்தினார். இவர் அளவுகோலை எடுத்துக் குனிந்தார், பரிசல் சாய்ந்தது, அளவுகோல் மடுவுக்குள் போனது. அதைப் பிடிக்கப் போய் இவரும் போகப் பார்த்தார். வேட்டியைத் திம்மப்பாவும் சட்டையை நானும் பிடித்துக்கொண்டதால் வரைபடக்காரர் தப்பினார். வரைபடம் ஒரு ஓரத்தில் மட்டும் நனைந்தது. பாறையைப் பார்த்துக் கங்கா கைகொட்டிச் சிரித்தாள். அவளுக்கு இடம் தெரிந்திருந்தது போலிருக்கிறது.

சாயங்காலம் டீக்கடையில் ஊரே கூடி இதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. பாய் ஒரு வாய் டீ குடித்துவிட்டு விளையாட்டாகச் சொன்னார்: "பொறந்த எடம் எந்த ஊருன்னு சர்க்கார் புத்தகத்துல ஏறுதோ, அப்ப அந்த மடுவும் அந்த ஊருதானுங்களே."

அந்த மடுவில் மீன் பிடிக்கும் உரிமைக்காக இரண்டு ஊரும் வருஷா வருஷம் மண்டை உடைத்துக்கொள்வது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. பாய்க்கு அது முன்பே தெரியும். சொல்லிவிட்டோமே என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். இரண்டு பேர் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போனார்கள், ஒருவர் மெலிந்தவரின் வீட்டுப் பக்கம், மற்றவர் ஆற்றுப் பக்கம்.

அடுத்த நாள் காலையில் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆற்றங்கரை திருவிழாவாக இருந்தது. இக்கரையில் மெலிந்தவர் புளியமரத்தடியில் மேஜை போட்டுப் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஊர்க்காரர்கள் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை வாங்கி வைத்திருந்தார்கள். அக்கரையில் மீசைக்காரரும் அதேபோல் மேஜை போட்டிருந்தார். அங்கே ஒரு சீப்பு வாழைப்பழமும் மேளக்காரர் ஒருவரும் அதிகப்படி.

"அவ எங்க ஊரு மருமவ. கொழந்த எங்க ஊரு கொழந்த" என்று அக்கரையிலிருந்து சத்தம் வந்தது.

"ஆசுபத்திரிக்கு எங்க கரைக்குத்தான வந்தா" என்று இக்கரை பதில் சொன்னது. நேற்றுவரை யாருக்கும் வேண்டாதவளாக இருந்த கங்காவுக்காக இப்போது இரண்டு ஊரும் போட்டி போட்டன.

மல்லிகா மடுவருகே திம்மப்பாவின் பரிசலில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். எந்தக் கரையில் இறங்கினாலும் கலவரம் ஆகும் என்று அங்கேயே நின்றுவிட்டாளாம். எங்களை மற்றொரு பரிசலில் கொண்டுபோய் அவளருகே ஏற்றிவிட்டார்கள். மலேசியா ஆபீசர் சொல்வதுதான் முடிவு என்று இரண்டு அதிகாரிகளும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். தப்பாகப் போனால் பழியைக் கடல் தாண்டி அனுப்பிவிடலாம் அல்லவா.

இவர் முகம் வெளிறியிருந்தது. காலையில் எழுந்ததிலிருந்தே அப்படித்தான். குனிந்து என் காதோடு சொன்னார்: "வேறு அளவுகோல் வாங்கி நன்றாக அளந்து பார்த்துவிட்டேன். இந்தப் படத்தின் அளவில் எல்லைக்கோட்டின் மையே ஆற்றில் ஒரு பரிசல் அகலத்துக்கு வருகிறது. குழந்தை இந்த ஊரிலும் பிறக்கவில்லை, அந்த ஊரிலும் பிறக்கவில்லை. கோட்டுக்குள் பிறந்திருக்கிறது."

"அதை வெளியே சொல்லிவிடாதீர்கள்" என்றேன்.

"அதுதானே உண்மை."

"உண்மையைச் சொன்னால் கோட்டுக்குள் எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பாள்?"

அவர் வரைபடத்தைச் சுருட்டினார், மறுபடி விரித்தார். வேலையில் இருந்த காலத்தில், பெரிய துரை ஒருவர் தன் பங்களா வேலியை ஒரு மயிரிழை தள்ளி வரையச் சொன்னபோது மறுத்துவிட்டு, பதவி உயர்வைப் போக்கடித்துக்கொண்ட மனிதர். எனக்கு அப்போது கோபமாக இருந்தது. இப்போது அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கடைசியில் அவர் மல்லிகாவிடம் கேட்டார்: "உனக்கு எந்த ஊரில் எழுதினால் வசதி அம்மா?"

அவள் இதை முன்பே யோசித்து வைத்திருந்தாள். "எங்க ஆவாரங்காட்டுலயே எழுதட்டுங்க சார். பள்ளிக்கூடம், வேலைன்னு நகல் கேக்கறப்பல்லாம் ஆத்தத் தாண்டிப் போயி நிக்க முடியாதுங்க."

இவர் பரிசலில் எழுந்து நின்றார். அது கூடாது என்று திம்மப்பா கன்னடத்தில் கத்தினார். இவர் கேட்கவில்லை. வரைபடத்தை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "இந்த வரைபடத்தின்படி, குழந்தை பிறந்த இடம் ஆவாரங்காட்டைச் சேர்ந்தது. மீன் எந்த ஊரைச் சேர்ந்தது என்று இதில் எதுவும் போடவில்லை." சொல்லிவிட்டுப் பொத்தென்று உட்கார்ந்தார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

அக்கரையில் மேளம் கொட்டத் தொடங்கியது. இக்கரையிலிருந்து கல் வந்து விழுமோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். மெலிந்தவர் பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தண்ணீர் விளிம்புவரை வந்தார். சுற்றியிருந்தவர்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊர் மானத்தைக் காப்பாற்ற ஏதாவது சொல்லியாக வேண்டும்.

"சரி, போவட்டும்" என்று கைகளைக் குவித்துக்கொண்டு கூவினார். "அடுத்த கொழந்தயாவது எங்க கர பக்கமாப் பொறக்கட்டும்மா."

மல்லிகா பரிசலில் இருந்தபடியே திரும்பிப் பார்த்தாள். கங்காவை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள்.

"அதுக்குள்ள நீங்க பாலத்தக் கட்டிப்போடுங்க சார்" என்றாள். "நானு ஆசுபத்திரியிலயே பெத்துக்கறேன்."

முதலில் சிரித்தது இக்கரைதான். அக்கரைக்குக் காற்றில் வார்த்தை போய்ச் சேரக் கொஞ்சம் நேரமாகியது, பிறகு அவர்களும் சிரித்தார்கள். மெலிந்தவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். திம்மப்பா துடுப்பை எடுத்தார். இந்த முறை கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்களையெல்லாம் ஆவாரங்காட்டுப் பக்கம் கொண்டுபோனார்.